வடக்குக் கல்லில் இருந்த துளை

மலைமேல் இருக்கும் கல்வட்டத்துக்கு நாலாயிரம் வயது என்று சொல்லித்தான் அவள் சம்பளம் வாங்கினாள். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி ஆள்வரை கேட்கும் குரல் என்பதால் ஊரில் அவளுக்கு ‘மைக்’ என்று பேர். வயதில் சின்னவர்களுக்கு மைக் அக்கா. சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போவாள். வட்டமாக நிற்கும் பதினோரு கற்களுக்கு நடுவில் அவர்களை நிறுத்துவாள். “ஒவ்வொண்ணும் ரெண்டு ஆள் உயரம். இரும்பு இல்லாத காலம், சக்கரம் இல்லாத காலம். இதையெல்லாம் எப்படித் தூக்கி நிறுத்தியிருப்பாங்க?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருப்பாள். கூட்டம் அண்ணாந்து பார்க்கும். அந்த மௌனத்துக்காகவே தினமும் மலை ஏறலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அன்றைக்கு எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது ஒருவர் மட்டும் குனிந்துகொண்டிருந்தார். வடக்குப் பக்கத்துக் கல்லின் அடியில் புல்லை விலக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எதையோ கூர்ந்து பார்த்தார். கூட்டம் இறங்கத் தொடங்கியதும் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“அம்மா, இந்த ஓட்டை எதுக்கு?”

அவள் குனிந்து பார்த்தாள். கல்லில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கவனித்ததே இல்லை. புல் மறைத்திருந்தது.

“மழைத்தண்ணி அரிச்சிருக்கும் சார்.”

“மழை இவ்வளவு வட்டமா அரிக்காதும்மா. நான் பல் டாக்டர். வாழ்நாள் பூரா அடுத்தவங்க வாயில ஓட்டை போட்டவன். இது மெஷின் போட்ட ஓட்டை. விரலை விட்டுப் பாருங்க, எவ்வளவு நேரா போகுதுன்னு.”

அவள் விரலை விட்டாள். உள்ளே வழவழவென்று, குழாய் மாதிரி நேராகப் போனது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“ஆராய்ச்சிக்கு யாராவது போட்டிருப்பாங்க” என்றாள்.

“இருக்கலாம். ஆனா உங்க நாலாயிரம் வருஷக் கணக்கு கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு. ஆடுற பல்லைத் தொட்டுத் தொட்டுப் பாக்காம இருக்க முடியாது, பாருங்க.” சிரித்துக்கொண்டே தன் அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மலையடிவாரத்தில் டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் அதிகாரியின் அறை. கல்வட்டத்துக்குப் பொறுப்பு அவர்தான். அதிர்ந்து பேசாத மனிதர். மழைக்கு ஒதுங்கி வருகிறவர்களுக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்து போகிறவர் என்று பெயர் எடுத்தவர். அவள் துளையைப் பற்றிச் சொன்னபோது பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“அந்தக் காலத்துலயே துளை போடத் தெரியும்மா. மணலும் மூங்கிலும் இருந்தாப் போதும். நம்மளைவிடக் கெட்டிக்காரங்க.”

“மெஷின் மாதிரி இருக்குன்னு அந்த டாக்டர் சொல்றாரு சார்.”

“அவர் பல்லைப் பாக்கட்டும், நாம கல்லைப் பாப்போம்.” பேனாவைத் திரும்பக் கையில் எடுத்து, “வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை சார்.”

“நல்லது.”

வெளியே வந்து பாதி தூரம் நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பதினோரு கல்லில் எந்தக் கல் என்று அவர் கேட்கவே இல்லை.

இரவு சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். அவன் கொத்தனார். புதுக் கட்டடம் கட்டுவதைவிடப் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதில்தான் அவனுக்குப் பேர். விரிசல் விட்ட சுவரில் அவன் கை பட்டால் எது பழசு, எது புதுசு என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அவன் தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், கீழ்வீட்டில் இருந்தாள். மலையடிவாரத்தில் டீக்கடையும், பக்கத்திலேயே கல்வட்டத்தைச் சின்னதாக வார்த்த பொம்மைகள் விற்கும் கடையும் வைத்திருந்தாள்.

“ஓட்டைதானே, விடு” என்றான் கணவன், தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

“மெஷின் ஓட்டைங்க.”

“எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாங்க. உனக்கு எதுக்கு அது?”

சாப்பாட்டுக்கு மேலே வந்திருந்த நாத்தனார்தான் பதறினாள். “அண்ணி, இதை மலைமேல நின்னு உங்க குரல்ல சொல்லிடாதீங்க. என் வயித்துல மண்ணு விழுந்துடும். பொம்மை இப்பத்தான் நூறு வந்து இறங்கியிருக்கு.”

அவளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று இரவு தயிர்ப் பாத்திரம் காலியாக இருந்தது. சொல்லாமல் எடுத்துப் போகிற பழக்கம் நாத்தனாருக்கு உண்டு என்பதால் படியில் நின்று கேட்டாள். “உங்க வீட்டுத் தயிரை நான் ஏன் அண்ணி தொடப்போறேன்?” என்று கீழேயிருந்து ரோஷமாகப் பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் வருமுன்பே மேலே போய் வடக்குக் கல்லின் புல்லை விலக்கினாள். துளை இல்லை.

கல்லைத் தப்பாகப் பார்க்கிறோமோ என்று சுற்றிவந்தாள். இல்லை, இதே கல்தான். மண்டியிட்டு உள்ளங்கையால் தடவினாள். ஓரிடத்தில் மட்டும் கல் லேசாக ஈரமாக இருந்தது. அதே சாம்பல் நிறம், அதே சொரசொரப்பு, மேலே திட்டுத் திட்டாகப் பாசி. முகத்தைக் கிட்டே கொண்டு போனாள். புளித்த தயிர் வாடை.

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கல்பொடியைச் சாந்தில் கலந்து பூசி, பக்கத்திலிருந்து சுரண்டிய பாசியைத் தயிரில் குழைத்து மேலே தடவினால், ஒரு மழைக்குள் நூறு வருஷத்துச் சுவர் மாதிரி ஆகிவிடும். கணவனின் இந்த வித்தையைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பெருமைப்பட்டவள் அவளேதான்.

அன்று வந்த கூட்டத்துக்கு அவள் என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

கணவனிடம் உடனே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் வாயிலிருந்து தானாக வருகிறதா என்று பார்க்க நினைத்தாள். அவன் வழக்கம்போல இருந்தான். முகம் கழுவினான், செய்தி பார்த்தான், மின்விசிறி சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்றி எண்ணெய் விட்டான். இவ்வளவு இயல்பாக ஒருத்தனால் இருக்க முடிகிறதே என்பதுதான் அவளைக் குடைந்தது. தொலைபேசி அடித்தபோது அவன் பால்கனிக்குப் போய்ப் பேசினான். இதற்கு முன்னாலும் பால்கனியில்தான் பேசுவானா? அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“நேத்து எங்க வேலை?” என்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“பள்ளிக்கூடத்து மதில். இந்த வாரம் பூரா அங்கதான்.”

மறுநாள் காய் வாங்கப் போகிற சாக்கில் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் போனாள். மதில் பழையபடி காரை பெயர்ந்து நின்றது. ஒரு வாளியோ சாரமோ கண்ணில் படவில்லை. வாசலில் இருந்த காவலாளி, “அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்கம்மா. கொத்தனாரு வரவே இல்லையே” என்றார்.

வீடு திரும்பும்போது கை வலித்தது. பையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்று அப்போதுதான் பார்த்தாள். ஒரு பொய் பிடிபட்டதும் மற்றதெல்லாம் வரிசையாக எழுந்து வந்தன. போன வருஷம் வெளியூர் வேலை என்று போனானே, அது நிஜமா? பெரியப்பா சாவுக்குத் தாமதமாக வந்ததற்குச் சொன்ன காரணம்? பஸ் கிடைக்கவில்லை என்றானே. நாலாயிரம் வருஷத்துக் கல் சந்தேகமாகிவிட்டால், இருபது வருஷத்துக் கல்யாணம் மட்டும் என்ன தப்பவா போகிறது?

அன்று மாலை அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“பள்ளிக்கூடத்து மதிலுக்குத் தயிர் பூசினீங்களா?”

அவன் ஒரு செருப்போடு நின்றான். பிறகு படியிலேயே உட்கார்ந்தான்.

“அதிகாரி கூப்பிட்டாரு” என்றான். “தண்ணி இறங்கி கல்லு வெடிச்சிடும், சத்தமில்லாம அடைச்சிடுன்னாரு. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு.”

“ஏன்?”

“பேசறதுதான் உன் தொழில்னாரு.”

“ரெண்டு நாள் ஆச்சா ஒரு ஓட்டையை அடைக்க?”

அவன் இன்னொரு செருப்பையும் கழற்றி வைத்தான். சத்தம் கேட்டு நாத்தனார் கீழ்வாசலில் வந்து நின்றாள். அண்ணன் முகத்தையும் அண்ணி முகத்தையும் பார்த்துவிட்டு, “சொல்லித் தொலைண்ணா. எப்படியும் ஒரு நாள் தெரியத்தானே போகுது” என்றாள்.

“உனக்கும் தெரியுமா?” என்று அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “ஒரு ஓட்டை இல்லை. நாலு கல்லுல இருக்கு. மத்ததையெல்லாம் ரொம்ப நாளைக்கு முன்னாலயே அடைச்சாச்சு. அப்பப்ப விட்டுப் போகும், திரும்பப் பூசுவேன். வடக்குக் கல்லுல பூச்சு எப்ப உதிர்ந்துச்சுன்னு கவனிக்கலை.”

“எவ்வளவு நாளா?”

“நீ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாலேருந்து.”

“முன்னாலேருந்துன்னா?”

“முதல் ஓட்டையை அடைச்சப்பத்தான் அதிகாரிகிட்ட கேட்டேன். என் வீட்டுக்காரிக்கு நல்ல குரல் சார், ஏதாவது வேலை இருந்தா பாருங்கன்னு. உடனே சரின்னுட்டாரு.”

அவளுக்கு அந்த நேர்காணல் நன்றாக நினைவிருந்தது. நாலு பேர் வந்திருந்தார்கள். எல்லோரையும்விட நன்றாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு வீடுவரை துள்ளிக்கொண்டு வந்தவள். பேசுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது அவன் பேசாமல் இருந்ததற்காக என்று இப்போதுதான் தெரிந்தது.

“அது என்ன ஓட்டைன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையா?”

“கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயம்” என்றான்.

அன்றிலிருந்து அவள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. ஊருக்கே கேட்கும் குரல் வீட்டுக்குள் கேட்கவில்லை. நாத்தனார் இரண்டு மூன்று தடவை மாடிக்கு வந்து, “அண்ணி, டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பல் டாக்டரின் அட்டை கைப்பையில் இருந்தது. கூப்பிட்டாள். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “என் மருமக கல்லு ஆராய்ச்சி பண்றவ. பல்கலைக்கழகத்துல பாடம் எடுக்கிறா. கூட்டிட்டு வரேன்” என்றார்.

மருமகள் வந்தபோது அந்தப் பெண்மேலும் அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது. நாற்பது வயதிருக்கும், முகத்தில் சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. “மாமாவுக்கு எதைப் பார்த்தாலும் ஓட்டைதான்” என்று சொல்லிக்கொண்டே மலை ஏறினாள். இவளும் அதிகாரிக்குத் தெரிந்தவளாக இருந்தால்? டாக்டரே யாரோ சொல்லி வந்தவராக இருந்தால்? இப்போதெல்லாம் பால்காரர் காசு திருப்பிக் கொடுத்தால்கூட அவள் இரண்டு தடவை பார்க்கிறாள்.

மேலே அதிகாரி நின்றுகொண்டிருந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

“பாக்கறதுக்கு யாருக்கும் தடை இல்லை” என்றார் அமைதியாக. “ஆனா கல்லைத் தொட, சுரண்ட அனுமதி வேணும்.”

மருமகள் வடக்குக் கல்லின் முன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். “நல்லா அடைச்சிருக்காங்க. இதைத் திறக்காம நான் எதுவும் சொல்ல முடியாது. திறக்க அனுமதி கேட்டா வருஷக்கணக்கா ஆகும்” என்று எழுந்தாள். பல் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

அப்போது படிக்கட்டில் அவள் கணவன் ஏறி வந்தான். தோளில் கருவிப் பை. யாரையும் பார்க்காமல் நேராக வடக்குக் கல்லுக்குப் போய், பையிலிருந்து சிற்றுளியையும் சுத்தியலையும் எடுத்தான்.

“என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா?” என்று அதிகாரி கேட்டார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

“கல்லைத் தொடலை சார். நான் போட்டதை நான் எடுக்கறேன்.”

சின்னச் சின்னத் தட்டாகத் தட்டினான். சாந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. துளை வாயைத் திறந்தது. மருமகள் விளக்கடித்துப் பார்க்கக் குனிந்தபோது அதிகாரி சொன்னார்: “இந்த ஓட்டையை இவரே போட்டிருக்கலாமில்ல? போட்டவருக்குத்தானே அடைக்கத் தெரியும்? வேலை கிடைச்சுக்கிட்டே இருக்கணும்னா ஓட்டையும் இருந்துக்கிட்டே இருக்கணும்.”

கணவன் அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இருக்குமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அது தன் முகத்தில் தெரிந்துவிட்டதை அவன் கண்ணில் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்தான்.

நாலு கல்லிலும் பூச்சை எடுத்தான். கடைசிக் கல்லின் துளைக்குள் விளக்கடித்த மருமகள், “மாமா, இங்க வாங்க” என்றாள். உள்ளே ஓர் இரும்புக் கம்பி உடைந்து சிக்கியிருந்தது. துருப்பிடித்து, கல்லோடு கல்லாக ஒட்டிப் போயிருந்தது.

“இது நேத்து வந்த துரு இல்லை. இந்தக் கொத்தனார் பிறக்கறதுக்கு முன்னாலயே இந்தக் கம்பி இங்க இருந்திருக்கு” என்றாள் அதிகாரியைப் பார்த்து. “பாறையில வரிசையா ஓட்டை போட்டு உடைச்சு எடுத்திருக்காங்க. குவாரி வேலை. மின்சாரம் வந்த காலத்து வேலை.”

அதிகாரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “எனக்கு முன்னால இருந்தவர் சொன்னாரு, அந்த நாலு கல்லையும் பத்திரமா பாத்துக்கோன்னு. ஏன்னு நானும் கேக்கலை” என்றார். அது எவ்வளவு தூரம் உண்மை என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. பிறகு விசாரணையிலும் அவர் அதையேதான் சொன்னார்.

மருமகள் எடுத்த படங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயின. மலையை மூடினார்கள். கூடாரம் போட்டுத் தோண்டினார்கள். அந்த நாலு கல்லுக்கும் அடியில் சிமெண்ட் இருந்தது. பாதி வட்டமாக நின்ற ஏழு கற்களோடு, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று யாரோ நாலைச் சேர்த்து வட்டத்தை முடித்திருக்கிறார்கள். யார், எந்தக் குழு, யார் செலவு என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்தக் காலத்து ஆட்களில் யாரும் உயிரோடு இல்லை. அதிகாரிக்கு மாற்றல் வந்தது.

மற்ற ஏழில் ஆறின் அடியில் மண் கலையாமல் இருந்தது; ஏழாவதன் சோதனை இன்னும் முடியவில்லை. அந்த ஆறில் ஒன்றின் குழியில் கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் நாலாயிரத்தைவிட இன்னும் பல நூறு வருஷம் கூடுதலாக வந்தது. “இத்தனை நாளா நீங்க குறைச்சுத்தான் சொல்லியிருக்கீங்க” என்று மருமகள் தொலைபேசியில் சொன்னாள். அது அவளுடைய நகைச்சுவை என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

மலையைத் திறந்தபோது முன்னைவிடக் கூட்டம். பொய்க் கல் எது, நிஜக் கல் எது என்று கண்டுபிடிக்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நாத்தனார் ஏழு கல் பொம்மையும் வரவழைத்தாள், பழைய பதினோரு கல் பொம்மையையும் வைத்தாள். “பதினொண்ணுதான் அண்ணி போகுது. ஏழு மொட்டையா இருக்காம்” என்றாள்.

அவளுடைய வேலையை மறுபடி நேர்காணல் வைத்துத்தான் தருவார்கள் என்று புதிய அதிகாரி சொன்னபோது அவள் மறுப்புச் சொல்லவில்லை. புதிய அதிகாரி ஒரு பெண். கெடுபிடியானவர்.

“முதல்ல இந்த வேலை உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?”

“என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குக் கிடைச்சதுங்க” என்றாள் அவள். “அது எனக்கு இந்த வருஷம்தான் தெரிஞ்சது. இந்தத் தடவை என் பேச்சைக் கேட்டுட்டுக் குடுக்கறதா இருந்தா குடுங்க.”

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “பேசுங்க” என்றார். அவள் எழுந்து நின்று, அவர் மட்டும் இருந்த அறையில், இல்லாத கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். எது பழசு, எது புதுசு, எது இன்னும் தெரியாதது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வேலை கிடைத்தது.

கணவனுக்கு அரசாங்க வேலை எதுவும் இனிமேல் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டு வேலைகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவன் இப்போது கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிறவனாக மாறியிருந்தான். எந்தத் தெருவில் வேலை, யாரோடு டீ குடித்தான், பஸ் ஏன் தாமதம் என்று அவன் சொல்லச் சொல்ல, இவ்வளவு எதற்குச் சொல்கிறான் என்று அவளுக்கு வேறு விதமாகத் தோன்றும். மழை பெய்து கூடம் ஒழுகிய நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் உள்ளறைக்குத் திரும்பியிருந்தாள். ஒழுகலை மறுநாளே அவன் சரிசெய்தான். அவள் திரும்பிக் கூடத்துக்குப் போகவில்லை.

ஒருநாள் சாப்பிடும் நேரத்தில் மருமகளிடமிருந்து அழைப்பு வந்தது. மிச்சமிருந்த ஏழாவது கல்லின் சோதனை முடிவு வந்துவிட்டதாம். கல் என்னவோ பழசுதான். ஆனால் அதன் அடியில் மண் கலைந்திருக்கிறது. எப்போது என்று இன்னும் சொல்ல முடியவில்லையாம். ரொம்பச் சமீபமாகவும் இருக்கலாமாம். மறுபடி தோண்ட வேண்டும்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். கணவன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான்.

“அதுல நான் கை வைக்கலை” என்றான்.

“உங்களை நான் கேக்கவே இல்லையே.”

“நீ கேக்கறதுக்கு முன்னால சொல்லிடலாம்னு.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சாந்தும் வெயிலும் சேர்ந்து பதம்பார்த்த முகம். அதில் எதுவும் தெரியவில்லை.

“சாப்பிடுங்க, ஆறுது” என்றாள். அவன் கரண்டியை எடுத்தான். அவளும் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.